பிக்கப் இல்லாத கார்

கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் வலது கால் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியாது. கேட்டால், லேசாகத்தான் மிதிக்கிறேன் என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பெடல் பாதிக்கு மேல் இறங்கியிருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வண்டி மந்தமாக இருந்தால் கால் கனத்துப்போகும், வண்டி துடிப்பாக இருந்தால் கால் பதமாகிவிடும். கால் தன் பாட்டுக்குக் கற்றுக்கொள்கிறது. காலுக்குச் சொந்தக்காரரை அது கேட்பதில்லை.

உங்கள் ஜீப் உள்ளே வரும்போது சத்தத்தைக் கேட்டேன். கிளட்ச் தேய்ந்துவிட்டது. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

என் தங்கையின் கணவர் எப்படி இறந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அலுவலக மொட்டை மாடியில் காரை நிறுத்தப் போனவர், கம்பி வேலியை உடைத்துக்கொண்டு காரோடு கீழே விழுந்தார். காரைச் சோதித்த அதிகாரி வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். ஓட்டியவரின் கவனக்குறைவு என்று சொல்லி நீங்கள் கேஸை மூடிவிட்டீர்கள். வண்டியில் குறை இல்லை என்பதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். கவனக்குறைவு என்பதைத்தான் திருத்த வந்திருக்கிறேன். மாப்பிள்ளை கவனமான ஆள். அவர் காலும் கவனமான கால்தான். அதற்கு என்ன கற்றுக்கொடுத்தார்களோ அதைச் செய்தது.

கற்றுக்கொடுத்தது நான்.

அவசரப்படாதீர்கள், வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் எனக்கு ஏதாவது விட்டுப்போகும்.

நான் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். பெரிய இடம் இல்லை. இரண்டு வண்டி உள்ளே நிற்கும், மூன்றாவது வந்தால் தெருவில்தான். அப்பா அம்மா போன பிறகு தங்கையும் நானும் சேர்ந்து நடத்தினோம். அவள் போன் எடுப்பாள், பார்ட்ஸ் கடைக்காரர்களோடு சண்டை போடுவாள். தப்பான போல்ட் அனுப்பிப் பழகிய ஒருவர், அவள் குரலைக் கேட்டாலே போனை வைத்துவிட்டுச் சரியான போல்ட்டோடு நேரில் வந்து நிற்பார். மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடுவோம். அவள் பேசுவாள், நான் சாப்பிடுவேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாராவது கேட்டால் நேரம் கிடைக்கவில்லை என்பேன். உண்மையைச் சொன்னால், அவசியம் வரவில்லை.

அவள் கல்யாணத்தை நான்தான் செய்துவைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் ஏதோ அவளைக் கட்டிப்போட்டு வைத்திருந்தேன் என்று ஊரில் பேசுகிறார்கள். மாப்பிள்ளையைப் பற்றி அக்குவேறு ஆணிவேறாக விசாரித்தேன். குடிப்பழக்கம் இல்லை. கோபம் இல்லை. கடன் இல்லை. அம்மாவிடம் எப்படி, அக்காவிடம் எப்படி, ஆபீஸில் எப்படி என்று தெரு முனைவரை விசாரித்தாயிற்று. ஒரு குறையும் கிடைக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒரே ஒரு பழக்கம் இருந்தது, எந்த ஜோக்கையும் தானே முதலில் சிரித்துவிட்டுத்தான் சொல்வார். அதற்காக ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

ஆரம்பத்தில் வாரா வாரம் வந்தார்கள். பிறகு மாதத்துக்கு ஒருமுறை ஆனது. பிறகு வெறும் போன். "சாப்பிட்டியா அண்ணா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். அதற்குமேல் போனில் எனக்குப் பேச வராது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தனியாகச் சாப்பிடுவேன். எனக்கு அது பிடிக்கவில்லை. சுத்தமாகப் பிடிக்கவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். யாரோ ஓட்டி அலுத்துப்போய் விற்ற வண்டி. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு இருக்கும், ஏறுவதற்குக் குனிய வேண்டும், இறங்குவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டும். இரண்டே சீட். வாங்கிய கையோடு தங்கையை உட்காரவைத்து நேராக ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்.

"மச்சான், இதுக்குப் பேரு ஸ்போர்ட்ஸ் காராம். மிதிச்சா ஒண்ணும் நடக்க மாட்டேங்குது. ஒரு கொட்டாவி விட்டு முடிச்சதும், திடீர்னு ஞாபகம் வந்த மாதிரி கிளம்புது."

"விட்டுட்டுப் போங்க மாப்பிள்ளை, பாத்து வெக்கிறேன்."

"விட்டுட்டுப் போனா இவளை பஸ்ல கூட்டிட்டுப் போகணும். அப்புறம் யாரு திட்டு வாங்குறது? இருந்து வாங்கிட்டே போறோம்."

இருந்தார்கள். அன்று மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

பிக்கப் இல்லை என்று வருகிற வண்டியைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. முதலில் காற்று சரியாக உள்ளே போகிறதா, பிறகு பெட்ரோல் சரியாக வருகிறதா, பிறகு அதைப் பற்றவைக்கிற பொறி. இப்போது வருகிற வண்டிகளில் பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கம்பியே கிடையாது. நீங்கள் மிதித்ததை ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் யோசித்து இன்ஜினுக்குச் சொல்லும். அதனால் நடுவில் இருக்கிற இவர்களையும் விசாரிக்க வேண்டும். உங்கள் வேலை மாதிரிதான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, குற்றமில்லை என்று தெரிந்தால் அனுப்பிவிட்டு, கடைசியில் நிற்கிறவரைப் பிடிப்பது.

அன்றைக்கே பிடித்துவிட்டேன். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகிற தடித்த ரப்பர் ஹோஸில், அடிப்பக்கமாக ஒரு கீறல். வண்டி சும்மா நிற்கும்போது வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். மிதித்து அழுத்தம் ஏறினால் வாயைத் திறக்கும், இன்ஜினுக்குப் போக வேண்டிய காற்று வெளியே போய்விடும். போதாததற்குக் காற்றை உள்ளே விடுகிற தகட்டில் கரி அப்பியிருந்தது. ஹோஸை மாற்றிக் கரியைத் துடைத்தால் வேலை முடிந்தது.

சொல்ல வாயெடுத்தேன். அப்போது தங்கை உள்ளேயிருந்து, "என்னண்ணா இது, அலமாரியை இந்த லட்சணத்துலயா வெச்சிருக்க? அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டியைக் காட்ட வந்தா அடுக்கித் தரேன்" என்றாள்.

நான் ஏர் ஃபில்டரை மட்டும் மாற்றினேன். "அடுத்த வாரம் ஒரு தடவை கொண்டு வாங்க மாப்பிள்ளை, இன்னும் பாக்கணும்" என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. இன்னும் பார்க்க வேண்டித்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஸ்பார்க் பிளக். அதற்கடுத்து பெட்ரோல் ஃபில்டர். பிறகு ஒரு சென்சார். எல்லாம் அந்த வண்டிக்குத் தேவைப்பட்டவைதான். தேவையில்லாத ஒரு பொருளை நான் எந்த வண்டியிலும் மாற்றியதில்லை, அந்தப் பழி எனக்கு வேண்டாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்னேற்றம் இருக்கும், மாப்பிள்ளை சந்தோஷமாகப் போவார். ஒரு மாதம் தொடர்ந்து வந்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வண்டி இப்போது பரவாயில்லை மச்சான் என்று போன் செய்தார். அடுத்த முறை வந்தபோது ஹோஸைப் பிடித்திருக்கிற கிளாம்பை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டேன். அதன் பிறகு தவறாமல் வந்தார்கள்.

வேறு ஆளாக இருந்தால் கம்பெனி சர்வீஸுக்குப் போயிருப்பார். இவர் பொறுமைசாலி. வீட்டிலேயே டாக்டர் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்று ஆபீஸில் பெருமையாகச் சொல்வாராம். தங்கை அலமாரியை அடுக்கினாள், பிறகு மேஜையை அடுக்கினாள், பிறகு அடுக்க எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்து பேசினாள். அந்த மாதங்கள் எனக்கு நல்ல மாதங்கள். வண்டிக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்.

ஒரு நாள் மாப்பிள்ளை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். சிக்னலில் பச்சை விழுந்ததும் பெடலைத் தரைவரை ஒரே மிதியாக மிதித்தார். மிதித்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி அமைதியாகக் காத்திருந்தார். பிறகு வண்டி கிளம்பியது. அவருக்கு அது பழகியேபோய்விட்டது. நான் அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். தொழில்காரனுக்கு அது பார்க்க வேண்டிய காட்சி.

அப்படியே ஆபீஸுக்கும் கூட்டிப்போனார். அங்கே கார்களை மொட்டை மாடியில்தான் நிறுத்த வேண்டும், சுற்றிச் சுற்றி ஏறுகிற சரிவுப்பாதை இருக்கிறது. மழைத்தண்ணீருக்காக ஒவ்வொரு காரின் இடத்திலும் நுழைகிற பக்கத்தில் ஒரு சிமெண்ட் மேடு கட்டியிருக்கிறார்கள். மற்ற வண்டிகள் சாதாரணமாகத் தாண்டிவிடும். இவர் வண்டி தாழ்வானது, பிக்கப்பும் இல்லாதது, மேட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். அழுத்தி மிதித்து, காத்திருந்து, ஏறியதும் பிரேக் போட வேண்டும். அவருடைய இடம் கடைசி, நேராகக் கம்பி வேலியைப் பார்த்தது. பக்கத்து வண்டிக்காரர்கள் கதவைத் திறந்து இடித்துவிடக் கூடாது என்று அவரே கேட்டு வாங்கிய இடம்.

கீழே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். ஒரு கோடவுனின் முற்றம். வேலியைப் பிடித்துத்தான் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது, அதனால் அது ஆடுவது கைக்குத் தெரிந்தது. அடிக்கால்கள் துருப்பிடித்திருந்தன. அந்த நேரத்தில் என் மனதில் எந்த எண்ணமும் இல்லை. துருவைப் பார்த்தால் எனக்குக் கண் தானாகப் போகும், அவ்வளவுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டின் நடுவில் தங்கை சொன்னாள்.

"அண்ணா, அவருக்கு மாத்தல் வந்திருக்கு. அடுத்த மாசம் கிளம்புறோம்."

"எவ்ளோ தூரம்மா?"

"ரயில்ல ஒரு பகல், ஒரு ராத்திரி."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை சிரித்தார். சிரித்துவிட்டு, "நீங்களும் வந்துடுங்க மச்சான். அங்கேயே ஒரு ஒர்க்ஷாப் போட்டுடலாம். இந்த வண்டி ஒண்ணு போதும், உங்களுக்கு ஆயுசுக்கும் வேலை இருக்கும்" என்றார். முதலில் சிரித்துவிட்டுச் சொன்னதால் ஜோக் என்று எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது என் தோளில் கை போட்டார். "அதுக்குள்ள இதை மட்டும் ஒழுங்கா பண்ணிக் குடுத்துடுங்க. அவ்ளோ தூரம் இப்படியே ஓட்டிட்டுப் போக முடியாது."

வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், செய்து தருகிறேன் என்றேன். சொன்ன வார்த்தையை மீறுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், கேட்டுக்கொள்ளுங்கள். ஹோஸைப் புதிதாக மாற்றினேன். அசல் கம்பெனிப் பொருள், மலிவானது இல்லை. கிளாம்புகள் நான்கையும் மாற்றினேன். தகட்டைக் கழற்றிக் கரியை ஒரு பொட்டுக்கூட இல்லாமல் எடுத்தேன். பெடல் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கம்ப்யூட்டருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தேன். ஊருக்கு வெளியே காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். பெடலில் கட்டைவிரலை வைத்தால் போதும், வண்டி பாய்ந்தது. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. என் கையில் இதைவிடச் சுத்தமான வேலை அமைந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, உங்கள் அதிகாரியும் அதைத்தானே சொன்னார்.

வியாழக்கிழமை கோடவுனுக்கு விடுமுறை, முற்றத்தில் ஆள் இருக்காது. அதனால் வியாழக்கிழமை. சம்பந்தமில்லாதவர்களுக்கு என்னால் ஒரு கஷ்டம் வரக் கூடாது என்று நினைக்கிறவன் நான்.

அன்று தங்கையை ஒர்க்ஷாப்புக்கு வரச் சொல்லியிருந்தேன். ஊருக்குப் போவதற்குள் நட்டு போல்ட் டப்பாக்களை ஒருமுறை பிரித்து வைத்துவிட்டுப் போ என்றேன். உடனே வந்தாள். அவள் அந்தக் காரில் இருக்கக் கூடாது என்பதில் நான் கண்ணும் கருத்துமாக இருந்தேன். மத்தியானத்துக்கு முன் காரை நானே மொட்டை மாடிக்கு ஓட்டிப்போனேன். மாப்பிள்ளையின் இடத்தில் நிறுத்தவில்லை. அதற்கு முன்னால், மேட்டுக்கு இந்தப் பக்கம், மற்றவர்கள் போகிற வழியை அடைத்த மாதிரி நிறுத்தினேன். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். பிறகு மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். என் கையெல்லாம் கிரீஸ், அதனால் ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்திருந்தேன். தங்கை பக்கத்தில் டப்பாக்களோடு உட்கார்ந்திருந்தாள்.

"வண்டியை மேல விட்டிருக்கேன் மாப்பிள்ளை. மேட்டுக்கு இந்தப் பக்கம் நிக்குது, வழியை அடைச்சிட்டு. கொஞ்சம் உள்ள எடுத்து நிறுத்திடுங்க."

"சரியாயிடுச்சா மச்சான்?"

"இல்ல. அப்படியேதான் இருக்கு. எப்பவும் போல நல்லா அழுத்தியே மிதிங்க."

நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். சட்டத்தில் எனக்கு எதிராக எதையாவது எழுத வேண்டுமென்றால் இந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் ரிப்பேர்.

அவர் போனை வைக்கவில்லை. தங்கை இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவளோடு பேசிக்கொண்டே மேலே போனார். வாட்ச்மேனிடம் சாவி வாங்கினார். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"போனை வெச்சிட்டு வண்டியை எடுங்க" என்றாள் தங்கை.

அவர் சிரித்தார். "இரு இரு, உங்கண்ணன் வைத்தியத்தை நீயும் கேளு. இதோ மிதிக்கிறேன். இப்ப ஒரு கொட்டாவி விட்டு..."

இன்ஜின் சத்தம் வந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நான் முதலில் கவனித்தது அதைத்தான். அடியிலிருந்து உச்சிவரை ஒரே சீராக ஏறியது. எங்கேயும் திக்கவில்லை. அதற்குப் பிறகு மற்றச் சத்தங்கள். நான் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை அணைத்தேன். தங்கையின் கையில் ஒரு டப்பா நிறைய நட்டுகள் இருந்தன. அவள் அதைக் கீழே போடவில்லை. இருந்த இடத்தில் வைத்து மூடிவிட்டுத்தான் தெருவுக்கு ஓடினாள்.

மாப்பிள்ளைக்காக நான் வருத்தப்பட்டேன். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. நல்ல மனிதர். மாற்றல் வராமல் இருந்திருந்தால் இன்னும் பல வருஷம் அந்த வண்டியை வைத்துக்கொண்டே நாங்கள் மூன்று பேரும் நிம்மதியாக இருந்திருப்போம்.

காரியமெல்லாம் முடிந்ததும் தங்கை என்னோடு வருவாள் என்று நினைத்தேன். அவள் அறையைச் சுத்தம் செய்து, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டு வைத்திருந்தேன். அவள் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை. கடைசியில் போன வாரம் நேரில் போனேன். வாசலில் நிறுத்தி வைத்துப் பேசினாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஒரு வேலையை ஒழுங்கா செய்யத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்லண்ணா" என்றாள். "எத்தனை ஞாயித்துக்கிழமை வந்தோம். ஒவ்வொரு தடவையும் பாக்கறேன் பாக்கறேன்ன. கடைசி வரைக்கும் உனக்கு அது என்னன்னே தெரியல. அந்த வண்டி திடீர்னு எதையோ பண்ணி அவரைக் கொண்டுபோயிடுச்சு."

"வண்டியில குறை எதுவும் இல்லைன்னு போலீஸே சொல்லிட்டாங்களேம்மா."

"நீதான அன்னிக்கு சரியாகலைன்னு சொன்ன. என் காதால கேட்டேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் பேசாமல் திரும்பியிருப்பேன். "உன்னை நம்பித்தான் அவர் வேற யார்கிட்டயும் காட்டல. அந்த ஊர்ல உனக்குன்னு கடை வெக்க இடம்கூட பாத்து வெச்சிருந்தார். நீ அதுக்கெல்லாம் லாயக்கில்ல."

அவள் நாத்தனார் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரரும் கேட்டார். இப்போது ஒர்க்ஷாப்புக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அதைப் பற்றிக் கவலையில்லை. கடைக்கு இடம் பார்த்திருந்த விஷயத்தையும் இப்போது பேச வேண்டாம், எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நான் வேலை தெரியாதவன் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவள் சொல்லலாமா? எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் கையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள்.

அதனால்தான் வந்தேன். யாரும் என்னைத் தேடவில்லை, யாருக்கும் சந்தேகமும் இல்லை என்று எனக்குத் தெரியும். இதற்கு என்ன தண்டனை என்பதையும் விசாரித்துவிட்டேன். மாப்பிள்ளையின் கால் எப்படி மிதிக்கும் என்று தெரிந்துகொண்டு, காரை முழுசாகச் சரிசெய்து, சரியாகவில்லை என்று சொல்லி, வேலிக்கு முன்னால் நிறுத்தி, நான்தான் அவரைக் கொன்றேன். திட்டமிட்டுத்தான் செய்தேன். இதில் யாருக்கும் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். இதை என் தங்கைக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். நான் சொன்னால் காது கொடுக்க மாட்டாள், நீங்கள் சொன்னால் கேட்பாள். ஹோஸ் மாற்றியது, கரி எடுத்தது, ரோட்டில் ஓட்டிப் பார்த்தது, அந்தப் பகுதியைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். முதலில் கோபப்படுவாள். பிறகு யோசித்துப் பார்த்தால் வேலையில் பிசகில்லை என்று அவளுக்கே புரியும். ஜெயிலில் பார்ப்பதற்கு வாரம் ஒருமுறை விடுவார்களாமே. வந்துவிடுவாள். மாப்பிள்ளையும் போய்விட்டார், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?